தனியாக ராடு தூக்குகிறவருக்கு: தோற்கும் ரெப்பை முதலில் யோசியுங்கள்

கேள்வி: மாஸ்டருக்கு வணக்கம். ஊர் ஈரோடு, வயது 34. ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கும், அதற்குள் ஜிம் மூடிவிடுகிறார்கள். அதனால் ஸ்டாண்டு வைத்த பெஞ்ச், ஐந்தடி ராடு, 80 கிலோவுக்கு பிளேட் எல்லாம் பழசாக வாங்கி மாடி அறையில் போட்டிருக்கிறேன். போன வாரம் பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) 60 கிலோ போட்டபோது கடைசி ரெப், அதாவது கடைசி முறை தள்ளியது, ஏறவில்லை. ராடு நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. பிளேட் நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் லாக் முறுக்கியிருந்ததால் சாய்க்க முடியவில்லை. எப்படியோ வயிற்றுப் பக்கம் உருட்டி எழுந்தேன். கத்தினேன், கீழே டிவி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எடைக்குப் போடுங்கள் என்கிறாள் மனைவி. தனியாகச் செய்வதே தவறா? கல்லூரியில் படிக்கும் தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் போதுமா? ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டும் ஆரம்பிக்க ஆசை. இப்போதும் மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சு நடுவில் வலிக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வாரம் ஆகியும் மூச்சை இழுத்தால் நெஞ்சு வலிக்கிறது என்றால் முதலில் டாக்டரிடம் போங்கள். வெறும் ஊமைக்காயமாகவும் இருக்கலாம், நெஞ்செலும்பிலோ விலாவிலோ விரிசலாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல முடியும். ராடை வயிற்றின் மேல் உருட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வயிற்றில் வலி கூடுவது, சிறுநீரில் ரத்தம், வாந்தி, தலைசுற்றல், இடது தோளில் காரணமில்லாத வலி இதில் எது இருந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே போங்கள். டாக்டர் சரி என்று சொல்லும் வரை நெஞ்சுக்கான எந்தப் பயிற்சியும் கூடாது.

சரி, கேள்விக்கு வருவோம். தனியாகச் செய்வது தவறில்லை. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்து நல்ல பலம் சேர்த்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் பார்த்த பொதுவான பழக்கம் ஒன்றுதான். ராடைக் கையில் எடுப்பதற்கு முன்பே, இந்த ரெப் ஏறாவிட்டால் ராடு எங்கே போய் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நெஞ்சில் உட்கார்ந்த பிறகு அதை யோசிக்க நேரம் இருக்காது. உங்கள் அறையில் இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எடை 60 கிலோ என்பது இரண்டாவது பிரச்சினைதான். பதில் இல்லாத இடத்தில் 40 கிலோவும் ஆபத்துதான்.

பெஞ்ச் பிரஸ்ஸைத் தனியாகப் பேச வேண்டும். தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்டில் முடியவில்லை என்றால் கையை விட்டால் போதும், ராடு தரைக்குப் போய்விடும். தலைக்கு மேல் தூக்கும்போது முடியவில்லை என்றால் முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் நகரலாம். பெஞ்சில் அந்த வசதி கிடையாது. ராடு மேலே, பலகை கீழே, நடுவில் நீங்கள். ஒரே வழியாக இருக்கும் கையும் அந்த நேரத்தில் ஓய்ந்து போயிருக்கும். அதோடு ராடு போகும் பாதை கழுத்துக்கும் முகத்துக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. நெஞ்சில் விழுந்தால் வலி, கழுத்தில் விழுந்தால் உயிர். தனியாகச் செய்கிறவருக்கு இதைவிட ஆபத்தான பயிற்சி ஜிம்மில் வேறு இல்லை.

உங்களிடம் இருப்பது ராடை மாட்டி வைக்க மட்டும் இரண்டு கொம்பு வைத்த பெஞ்ச். அதற்குக் கீழே, விழும் ராடைத் தாங்க எதுவும் இல்லை. வாங்க வேண்டியது அதைத்தான்: நான்கு தூண் வைத்த பவர் ராக், அல்லது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிகள் வைத்த ஹாஃப் ராக். துளைக்குத் துளை உயரம் மாற்றி, குறுக்கே இரும்புக் கம்பி செருகுவார்களே, அந்த சேஃப்டி பின்தான் உங்களுக்கு உண்மையான துணை.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ராக்குகள் பெரும்பாலும் ஏழடி ஒலிம்பிக் ராடுக்காகச் செய்யப்படுபவை. 20 கிலோ ஒலிம்பிக் ராடின் நீளம் 2.2 மீட்டர், பிளேட் மாட்டும் இடங்களுக்கு நடுவே மட்டும் 131 செ.மீ. இருக்கும். உங்கள் ஐந்தடி ராடில் அந்த நடுப்பகுதி இதைவிடக் குறைவு. ராக்கில் வைத்தால் பிளேட் தூணில் இடிக்கும், அல்லது ராடு மாட்டவே மாட்டாது. டேப் எடுத்து அளந்து கொண்டு கடைக்குப் போங்கள். ராக்கும் ராடும் சேர்த்தே மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால், வெல்டிங் பட்டறையில் உங்கள் ராடு அளவுக்கு இரண்டு தனித் தாங்கிகள் செய்யச் சொல்லலாம். அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும், இரண்டையும் கீழே ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்திருக்க வேண்டும், ராடு உருண்டு விழாதபடி மேல் முனை இரண்டும் நிமிர்ந்திருக்க வேண்டும். செய்து வந்ததும் நீங்கள் போடும் எடையைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, ஆள் இல்லாமல், ஓரடி உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். வெல்டிங் விட்டுப்போவதாக இருந்தால் அப்போதே விட்டுப்போகட்டும்.

பின்னை எந்த உயரத்தில் வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறும் ராடை பின்களின் மேல் வையுங்கள். பெஞ்சில் முதுகு தட்டையாக, நெஞ்சை உயர்த்தாமல் படுங்கள். இப்போது ராடுக்கும் கழுத்துக்கும் நடுவே உங்கள் கை தாராளமாக நுழைய வேண்டும். பிறகு பிரஸ் செய்யும்போது படுப்பது போல் தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்து, நெஞ்சை உயர்த்துங்கள். இப்போது ராடு நெஞ்சைத் தொட வேண்டும், அல்லது தொடுவதற்கு விரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். இப்படி அமைந்துவிட்டால் ரெப் ஏறாதபோது செய்ய வேண்டியது ஒன்றுதான்: மூச்சை விட்டு நெஞ்சைத் தளர்த்துங்கள். எடை பின்னில் உட்கார்ந்துவிடும், நீங்கள் நகர்ந்து எழுந்து வரலாம். துளைகள் சரியான உயரத்தில் அமையவில்லை என்றால் பெஞ்சின் நான்கு கால்களுக்கும் அடியில் அசையாத பலகை கொடுத்து உயர்த்தலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் பின்னை ஒரு துளை மேலே வையுங்கள். ராடு கீழே வருவதில் ஓர் அங்குலம் குறையும், குறையட்டும்.

இந்தத் தோல்வியை வெறும் ராடில் நான்கைந்து தடவை வேண்டுமென்றே செய்து பழகுங்கள். பழகாத உடம்பு அந்த நேரத்தில் எடையோடு போராடத்தான் பார்க்கும், விட்டுக்கொடுக்காது.

லாக் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள், இரண்டுமே அதனதன் இடத்தில் சரி. சேஃப்டி பின் இருந்தால் லாக் கட்டாயம் போடுங்கள். ஒரு பக்கம் கை முந்தி ராடு சாய்ந்தால் பிளேட் நழுவும், அடுத்த நொடி மறுபக்கம் வேகமாக இறங்கி மணிக்கட்டையும் தோளையும் முறுக்கிவிடும். பின் இல்லாதபோது லாக் போட்டால் போன வாரம் நடந்தது நடக்கும். பின் இல்லாமல், லாக்கும் இல்லாமல் செய்யலாமே என்று கேட்பீர்கள். அவசரத்தில் தப்பிக்க அது உதவும், அவ்வளவுதான். தினசரிப் பயிற்சிக்கான ஏற்பாடாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ராக் வரும் வரை பெஞ்சில் ராடு வேண்டாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நெஞ்சு ஆறிய பிறகு டம்பெல் பிரஸ் செய்யுங்கள். முடியவில்லை என்றால் இரண்டு பக்கமும் இறக்கிவிடலாம், கழுத்துக்கு மேல் எதுவும் குறுக்கே நிற்காது. தோளில் பை மாட்டிக்கொண்டு தண்டால் எடுத்தாலும் நல்ல வேலைதான். தரையில் படுத்து ராடைத் தள்ளும் ஃப்ளோர் பிரஸ்ஸும் பாதுகாப்பானது என்று நிறைய பேர் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது 45 செ.மீ. குறுக்களவுள்ள பெரிய பிளேட்டை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. அந்த பிளேட் தரையைத் தொடும்போது ராடு 22 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும், கழுத்துக்கு இடம் கிடைக்கும். நம் ஊர் வீட்டு செட்டில் வரும் 10 கிலோ பிளேட் ஓரடி இருந்தாலே பெரிது. ராடு 15 செ.மீ. வரை இறங்கும், அந்த உயரம் எதையும் காப்பாற்றாது. இரண்டு பக்கமும் கனமான மரக்கட்டை போட்டு, பிளேட் உருளாதபடி கட்டையின் ஓரங்களில் ரீப்பர் அடித்து, ராடு நெஞ்சு உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி செய்தால் மட்டுமே ஃப்ளோர் பிரஸ் செய்யுங்கள்.

என்றாவது மறுபடியும் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியூர் ஜிம்மில், தெரியாத பெஞ்சில் செய்ய நேரலாம். ராடு நின்றுபோனதும் நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கு இறக்குங்கள், முகத்துப் பக்கம் ஓர் அங்குலம்கூட போக விடாதீர்கள். உடனே சத்தம் போடுங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். லாக் இல்லை என்றால் ஒரு பக்கமாகச் சாய்த்து பிளேட்டைக் கொட்டிவிடுங்கள். மறுபக்கம் உடனே எகிறும் என்பதை எதிர்பார்த்தே செய்ய வேண்டும். லாக் இருந்தால் நீங்கள் செய்ததுதான் வழி: இடுப்பு வரை உருட்டி, எழுந்து உட்கார்ந்து, தொடையிலிருந்து இறக்குவது. இதில் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். உருட்டித் தப்பிக்க முடியாத எடை எதுவும் பின் இல்லாத பெஞ்சில் ஏறக் கூடாது.

பெருவிரலைப் பற்றி ஒரு வார்த்தை. ராடைச் சுற்றிப் பெருவிரலைப் பூட்டாமல், உள்ளங்கையில் மட்டும் வைத்துத் தள்ளுகிறவர்கள் உண்டு. மணிக்கட்டுக்குச் சுகமாக இருக்கிறது என்பார்கள். கையில் வேர்வை இருந்தால் ராடு நழுவி நேராக நெஞ்சுக்கு வரும், அதைத் தடுக்க எதுவும் இல்லை. தனியாகச் செய்கிறவர் பெருவிரலைப் பூட்டியே ஆக வேண்டும். ஈரோட்டு மாடி அறையில் ஏப்ரல், மே மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். துண்டும் சாக் கட்டியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்து, எத்தனை ரெப். ஒரு செட்டை, அதாவது தொடர்ந்து செய்யும் ரெப்களை, தோற்கும் வரை கொண்டுபோனால்தான் பலம் ஏறும் என்று ஜிம்மில் சொல்லித் தந்திருப்பார்கள். தேவையில்லை. இன்னும் இரண்டு ரெப் போகும் என்ற நிலையில் நிறுத்தினாலும் பலம் நன்றாகவே ஏறும், மறுநாள் உடம்பும் ஒத்துழைக்கும். தனியாக இருக்கும்போது இதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதுவும் செய்யாமலே ராடின் வேகம் குறைகிறது பாருங்கள், அதுதான் அடையாளம். முந்தைய ரெப்பை விட இது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெதுவாக ஏறினால் அதோடு ராடைக் கொம்பில் மாட்டிவிடுங்கள். மாட்டும்போதும் அவசரம் கூடாது. களைத்த கை ஒரு பக்கத்தை மட்டும் கொம்பில் வைத்துவிட்டு மறுபக்கத்தைக் கோட்டை விடும். கையை முழுக்க நீட்டி, ராடு இரண்டு தூணிலும் இடிப்பதை உணர்ந்த பிறகு கீழே இறக்குங்கள்.

இப்போது தம்பி. அவர் நிற்பது நல்லது, ஆனால் அவரை நம்பி எடை ஏற்றாதீர்கள். 2023 ஜூலையில் இந்தோனேசியாவின் பாலியில் ஒரு பயிற்சியாளர் 210 கிலோவில் ஸ்குவாட் செய்தபோது எழ முடியாமல் உட்கார, ராடு கழுத்தில் இறங்கி உயிர் போனது. 2025 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிகானேரில் 17 வயது பவர்லிஃப்டிங் வீராங்கனை 270 கிலோ பயிற்சியில் அதே விதமாக இறந்தார். இரண்டு இடத்திலும் பின்னால் ஆள் நின்றிருந்தார். இருவரும் பழகியவர்கள். தோளில் இருக்கும் எடை சரியும் அந்த ஒரு நொடியில் பின்னால் நிற்கும் ஒருவரால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. தொடை உயரத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள் குறுக்கே இருந்தால் எடை அங்கே நின்றுவிடும். அந்தப் பெண்ணின் வயதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது ஆறவில்லை. அதனால்தான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: ராக்கும் பின்னும் இல்லாமல் ராடைத் தோளில் வைத்து ஸ்குவாட் ஆரம்பிக்காதீர்கள். பெஞ்சின் கொம்பிலிருந்து எடுத்துச் செய்வதும் வேண்டாம்.

ராக் வந்த பிறகு, நீங்கள் முழுதாக உட்காரும்போது ராடு இருக்கும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே பின்னை வையுங்கள். முடியாதபோது முன்னால் குனியாமல், நெஞ்சு நிமிர்ந்தபடியே இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் ராடு பின்னில் அமரும். இதையும் வெறும் ராடில் பழகுங்கள். அதுவரை டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துச் செய்யும் ஸ்குவாட், ஒரு காலைப் பின்னால் பெஞ்சில் வைத்துச் செய்யும் ஸ்குவாட் இரண்டும் போதும். இரண்டாவதை ஒழுங்காகச் செய்தால் 15 கிலோ டம்பெல்லே மூச்சு வாங்க வைக்கும்.

டெட்லிஃப்ட் தனியாகச் செய்யத் தோதான பயிற்சி. அதிலும் சின்ன பிளேட் பிரச்சினை உண்டு. ராடு தரைக்கு மிக அருகில் இருப்பதால் எடுக்கக் குனியும்போது கீழ்முதுகு வளைந்துவிடும். மேலே சொன்ன மரக்கட்டைகளை இங்கேயும் போட்டு, ராடு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் வரும்படி உயர்த்திக்கொள்ளுங்கள்.

கனமான எடையை மூச்சடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று 1985-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமனிக்குள் குழாய் செலுத்தி அளந்தார்கள். காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் சராசரியே 320/250. எடையை இறக்கியதும் அது சட்டென்று விழுகிறது. தூக்கி முடித்த பிறகு கண் இருட்டிக்கொண்டு சிலர் விழுவது இதனால்தான். தனி அறையில் தலை பிளேட்டில் மோதினால் தூக்கிவிட ஆள் இல்லை. கண் மங்கினால் உடனே ராடை விட்டுவிட்டு முட்டி போட்டு உட்காருங்கள், சமாளித்து நிற்கப் பார்க்காதீர்கள். இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, பட்டினியோடு கனமான எடை தூக்காதீர்கள். பி.பி. மாத்திரை எடுப்பவராகவோ, வீட்டில் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்தவர் இருந்தாலோ அதையும் நெஞ்சு வலிக்குப் போகும் அதே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெஞ்சின் கொம்பில் ராடு இருக்கும்போது பிளேட் கழற்றுவதில் ஒரு விபத்து ஒளிந்திருக்கிறது, வீட்டு பெஞ்சில்தான் இது அதிகம். உங்கள் ராடு 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கொம்புக்கும் நடுவே இரண்டு அடி. அப்படியென்றால் ராடின் மையத்திலிருந்து ஓரடியில் கொம்பு, இன்னோர் அடி தள்ளி பிளேட். இந்தக் கணக்கில் ஒரு பக்கம் 8 கிலோவுக்கு மேல் இருந்து மறுபக்கம் காலியாக இருந்தால் ராடு எகிறும். ஒரே ஒரு 10 கிலோ பிளேட் போதும். எகிறும் முனை முகத்தில் அடிக்கும், விழும் பக்கம் காலை நசுக்கும். இந்தப் பக்கம் ஒன்று கழற்றினால் அந்தப் பக்கம் ஒன்று, ஏற்றும்போதும் அப்படியே. ராடை ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் ராடு எடையைச் சேர்க்காமல் பிளேட்டை மட்டும் கூட்டிச் சொல்வது வழக்கம். உங்கள் 60 உண்மையில் 68 ஆகவும் இருந்திருக்கலாம்.

அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடாதீர்கள். போன் ஜன்னல் மேலோ அலமாரியிலோ இருந்தால் பயனில்லை. படுத்த நிலையில் கை எட்டும் தூரத்தில், தரையில் இருக்கட்டும். 108 என்ற எண் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேலே போகும்போது எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், அந்த நேரம் தாண்டினால் தம்பி வந்து பார்க்கட்டும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் பிளேட்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், படுக்கப் போட்டு அடுக்குங்கள். மாட்டிக்கொண்டால் எப்படி உதவுவது என்று தம்பிக்கும் மனைவிக்கும் காட்டிவையுங்கள். முழு எடையையும் தூக்க வேண்டாம். ஒரு முனையை மட்டும் உயர்த்தினால் மறுமுனை தரைப் பக்கம் சாயும், நெஞ்சிலிருந்து ராடு விலகும். வெறும் ராடில் ஒருமுறை செய்துகாட்டினால் போதும், மறக்காது.

எடைக்குப் போடச் சொல்லும் மனைவியிடம் வாதாடாதீர்கள். கூப்பிட்டது கேட்காமல் போனதில் அவருக்கு இருக்கும் பயம் நியாயமானது. ராக் வந்ததும் அவரை மேலே கூட்டிப்போய், பின்னில் ராடை விட்டு எழுந்து வருவதை நேரில் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் அப்புறம் பேசலாம்.

மறுபடி ஆரம்பிக்கும்போது 60-ஐ மறந்துவிட்டு, ராடோடு சேர்த்து 40 கிலோவில், எட்டு ரெப்பில் தொடங்குங்கள். கடைகளில் பெரும்பாலும் 2.5 கிலோவுக்குக் கீழே பிளேட் தர மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் 5 கிலோ ஏற வேண்டி வருகிறது, பெஞ்ச் பிரஸ்ஸில் அது பெரிய தாவல். பலர் மாட்டிக்கொள்வது இந்தத் தாவலில்தான். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி கேட்டு வாங்குங்கள், உங்கள் ராடின் துளை அளவைச் சொல்லி. வாரத்துக்கு 2.5 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.